மதுரையில் ஹோமம் இல்லாமல், எங்கள் விருப்பப்படி ஒரு கல்யாணம். குறுக்கே அப்பாவின் மொய் நோட்டு. யோசனை சொல்லுங்கள்

சுங்குடிப்புள்ளி

எல்லோருக்கும் வணக்கம். மாப்பிள்ளை, பொண்ணு இரண்டு பேருக்கும் மதுரைதான். இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாகிவிட்டது. வருகிற தையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். செலவில் பாதி எங்கள் இருவரின் சேமிப்பு, மீதியை இரண்டு அப்பாக்களும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

நான் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். மாப்பிள்ளை சைக்கிள் கடை வைத்திருக்கிறார், சைக்கிள் பைத்தியம் என்றே சொல்லலாம். இரண்டு பேருக்கும் சாமி நம்பிக்கை கொஞ்சம் உண்டு. ஆனால் புரியாத மந்திரத்துக்கு நடுவில் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார விருப்பம் இல்லை. நாங்களே எழுதிய உறுதிமொழியை எல்லோர் முன்னாலும் படித்து, மாலை மாற்றிக்கொள்ள வேண்டும். நாகஸ்வரம் கட்டாயம் வேண்டும். செண்டை மேளம், குளிர்ப்புகை, வெடிக்கும் காகிதத்துகள் வேண்டாம். சாப்பாடு மதுரைச் சாப்பாடாக இருக்க வேண்டும். அழைப்பிதழை நானே வரைகிறேன். அவர் மண்டபத்துக்கு சைக்கிளில் வருவார், அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டாராம்.

அலங்காரம் செய்பவரிடம் போனோம். "தீம் என்னங்க?" என்று கேட்டார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஆல்பத்தை நீட்டிவிட்டார். பாலி தீம், ராஜஸ்தான் தீம், அப்புறம் "கிராமத்து தீம்". கிராமத்து தீமில் மாட்டு வண்டிச் சக்கரம், முறம், லாந்தர் விளக்கு எல்லாம் நாள் வாடகைக்கு. அந்த முறம் எங்கள் பாட்டி வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதை ஆணி அடித்து மேடையில் மாட்டினால் பாட்டி என்னை அதே முறத்தால் அடிப்பாள்.

அடுத்தது அப்பாவின் பட்டியல். 800 பேர். "இதில் பாதிப் பேரை எனக்குத் தெரியாதேப்பா" என்றேன். "உனக்குத் தெரியாது. அவங்க வீட்டுக் கல்யாணத்துல நான் செஞ்ச மொய் எனக்குத் தெரியும்" என்றார். அழைப்பிதழில் "மொய் தவிர்க்கவும்" என்று போடலாமா என்று கேட்டதற்கு, அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்குள் எங்கள் கல்யாணம் எங்கள் கல்யாணமாக இருக்க என்ன வழி? ஹோமம் இல்லாத கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்றும் யாராவது சொல்லுங்கள், சித்தப்பா ஒருவர் அதைச் சொல்லியே பயமுறுத்துகிறார்.

கோரிப்பாளையம் பாண்டி

சைக்கிள் மேட்டர் சூப்பர். ஆனால் பட்டு வேட்டி செயினில் மாட்டினால் மாப்பிள்ளை கோரிப்பாளையம் சிக்னலிலேயே நின்றுவிடுவார். செயின் கவர் உள்ள பழைய வண்டியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரருக்கே நான் சொல்ல வேண்டியதில்லை!

வக்கீல்தம்பி

அக்கா, சித்தப்பாவிடம் இதைக் காட்டுங்கள். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த திருத்தம், 1968 ஜனவரி 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு இந்துக்கள், உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், தங்களுக்குப் புரிந்த மொழியில் "இவரைக் கணவராக ஏற்கிறேன்", "இவரை மனைவியாக ஏற்கிறேன்" என்று சொன்னாலே கல்யாணம் ஆகிவிட்டது. மாலை மாற்றினாலும் சரி, விரலில் மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, இதில் ஏதாவது ஒன்று போதும். புரோகிதர், அக்னி, சேர்ந்து ஏழடி எடுத்து வைப்பது எதுவும் சட்டத்துக்குத் தேவையில்லை.

இது புதுசாக முளைத்த பழக்கமும் இல்லை. முதல் சுயமரியாதைத் திருமணம் பெரியார் தலைமையில் 1928-இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்தது. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்தான். அதற்கப்புறம் 40 வருடம் இப்படி நடந்த கல்யாணங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது. 1967 திருத்தம் பழையவற்றையும் சேர்த்தே செல்லுபடி ஆக்கியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், 7ஏ கல்யாணத்தை ஊரறிய அறிவித்துத்தான் நடத்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை, 800 பேர் பார்க்கப் போகிறார்கள்.

முக்கியமான ஒன்று: பதிவு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 படி, எந்த முறையில் செய்தாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று இரண்டையும் ஒரு கவரில் போட்டு இப்போதே அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், அழைப்பிதழையும் கல்யாணப் படத்தையும் பிறகு அதில் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் பெயர் அழைப்பிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால் அங்கே அலைய வேண்டியிருக்கும். நீங்களே வரைவதால் சொல்கிறேன், அழகுக்காக வீட்டுப் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

இருவரில் ஒருவர் கிறிஸ்தவரோ முஸ்லிமோ என்றால் 7ஏ பொருந்தாது. அப்போது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, 30 நாள் முன்னறிவிப்பு. மற்றவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

மேலமாசிவீதி பெரியவர்

அம்மா, நான் எதிர்க்கட்சி. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவன்.

ஹோமம் வேண்டாம் என்றால் சரி, அது உங்கள் நம்பிக்கை. மொய் வேண்டாம் என்று போடுவதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் பக்கத்தில் மொய் என்பது அன்பளிப்பு இல்லை, வரவு செலவு. உங்கள் அப்பா இத்தனை வருடம் ஒவ்வொரு வீட்டுக்கும் செய்ததெல்லாம் அவர் போட்டு வைத்த பணம். அதைத் திருப்பி வாங்க அவருக்குக் கிடைப்பது வீட்டில் நடக்கும் ஒன்றிரண்டு விசேஷம்தான். நீங்கள் ஒரு வரி எழுதி அதை அழித்துவிட்டால், செய்ய வேண்டியவனுக்கும் சங்கடம். கடன் தீராமல் நிற்பான். நாளைக்கு அவன் வீட்டு விசேஷத்துக்கு உங்கள் அப்பாவைக் கூப்பிடக் கூசுவான்.

இன்னொன்று. உங்களுக்குத் தெரியாத அந்த 400 பேரில் உங்கள் தாத்தா செத்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன் இருப்பான். கல்யாணம் இரண்டு பேரின் ரசனையைக் காட்ட மட்டும்தான் என்றால் ஸ்டூடியோவில் போய் படம் எடுத்துக்கொள்ளலாமே.

தனிவழி

பெரியவர் சொல்வதில் கடைசி வரி மட்டும் எனக்குப் பிடித்தது, அவர் நினைத்த காரணத்துக்காக இல்லை. "எங்கள் தனித்துவம்" என்று இப்போது நடக்கிற கல்யாணங்களைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் காய்ந்த புல், நியான் விளக்கில் இரண்டு பெயர், கறுப்புக் கண்ணாடி போட்ட மாப்பிள்ளை, ஆடிக்கொண்டே வரும் பெண். திண்டுக்கல்லிலும் அதே, திருப்பூரிலும் அதே. பெயரை மாற்றினால் ஆல்பத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பழைய சிவப்பு வெல்வெட் சோபா கல்யாணத்திலாவது மாமா சண்டை போட்டார், அது அந்த வீட்டுக்கே உரியதாக இருந்தது.

சுங்குடிப்புள்ளி, உங்கள் பட்டியலில் அலங்காரத்தைப் பற்றி எதுவுமே இல்லை, கவனித்தீர்களா? படிப்பது, கேட்பது, சாப்பிடுவது, வருவது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மேடைக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தாலும் யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

சுங்குடிப்புள்ளி

வக்கீல்தம்பி, கோடி நன்றி. சித்தப்பா படித்துவிட்டு "சட்டம் சரி, சம்பிரதாயம்?" என்று அடுத்த பந்தைப் போட்டார். எங்கள் தமிழய்யாவிடம் சொன்னபோது, அகநானூறு 86-ஆம் பாட்டில் வரும் கல்யாணத்தில் பந்தல் உண்டு, புது மணல் உண்டு, விளக்கு, மாலை உண்டு, உளுந்து போட்டுக் குழைத்த சோறு உண்டு, பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் நீராட்டி வாழ்த்துவது உண்டு, தீயும் புரோகிதரும் கிடையாது என்றார். சித்தப்பா இப்போது அமைதி.

பெரியவருக்கு: ஐயா, நீங்கள் சொன்னதை அப்பா சொல்லியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். அவர் நோட்டை மட்டும்தான் காட்டினார். ஆனால் 800 பேர் மேடையேறி எங்களோடு படம் எடுத்துக்கொண்டால் நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் முழுக்கப் பொம்மை மாதிரி நின்றுகொண்டே இருப்போமே. அதற்கு என்ன செய்வது?

கொங்குப்பொண்ணு

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 பேர் நான்கு நான்கு பேராக வந்தால் 200 குழு. ஒரு குழுவுக்கு ஒரு நிமிடம் என்றாலே மூன்று மணி இருபது நிமிடம். அதில் பாதிப் பேர் வரிசையைப் பார்த்துவிட்டு நேராகப் பந்திக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் கல்யாணத்தில் மேடை வரிசையே வைக்கவில்லை. தாலி கட்டி முடித்ததும் நாங்கள் இறங்கி, பந்தி நடக்கிற இடத்துக்குப் போய்விட்டோம். ஒவ்வொரு பந்தியிலும் வரிசை வரிசையாக நடந்து, உட்கார்ந்திருக்கிறவர்களிடம் பேசினோம். சாப்பிடும்போது யாரும் எழுந்து தோளில் கை போட்டுப் படம் கேட்க முடியாது, அதுதான் இதன் ரகசியம்! என் மாமியார் முன்னால் நடந்து "இவங்கதான் அந்தியூர் அத்தை, இவங்க உன் மாமனாரோட படிச்சவரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத் தெரியாத ஆட்கள் அன்றைக்குத்தான் தெரிந்தவர்கள் ஆனார்கள். வயசானவர்கள் மேடைப்படி ஏற வேண்டிய கஷ்டமும் இல்லை.

படம் எடுப்பவர்களிடம் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: சடங்கு நேரத்தில் மேடையில் இரண்டு பேர் மட்டும், அதுவும் பக்கவாட்டில். ஏழெட்டுப் பேர் முன்னால் நின்றால் முதல் வரிசைக்கே முதுகுதான் தெரியும். அப்புறம் அந்தப் பறக்கும் டிரோன். நீங்கள் உறுதிமொழி படிக்கும்போது அது தலைக்கு மேல் ஙொய் என்றால் ஒரு வார்த்தை கேட்காது.

மாட்டுத்தாவணி மலர்

தங்கச்சி, பூ வியாபாரம் எங்கள் வீட்டுத் தொழில். ஒரு கேள்வி, தைதான் என்று முடிவாகிவிட்டதா?

மதுரையில் கல்யாணம், மல்லி இல்லாமல் எப்படி என்று நீயே நினைப்பாய். ஆனால் பனிக்காலத்தில் செடி சரியாகப் பூக்காது. கார்த்திகை பிறந்ததும் வரத்து குறைய ஆரம்பிக்கும். மார்கழியில் கல்யாணம் கிடையாது, தை பிறந்ததும் எல்லாக் கல்யாணமும் ஒரே நேரத்தில் வரும், பொங்கல் வேறு. கிலோ ஆயிரக்கணக்கில் ஏறுவதை வருடாவருடம் பேப்பரில் பார்த்திருப்பாய். அதே பூ பங்குனிக்கு மேல் கொட்டும். வைகாசியில் கேட்டால் நானே "கூட ஒரு கிலோ எடுத்துட்டுப் போ" என்பேன்.

இன்னொரு சங்கதி சொல்கிறேன், இது நிறையப் பேருக்குத் தெரியாது. மல்லியை விடியும் முன்னால் மொட்டாகப் பறிக்கிறோம். அது விரிவது பொழுது சாய்ந்த பிறகு. காலை முகூர்த்தத்துக்கு நீ தலையில் வைப்பது மொட்டுதான், வாசம் பாதிதான் வரும். அதே மொட்டை மதியம் கட்டி, ஈரத்துணியில் வைத்து, சாயங்காலம் ஆறரைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நீ மாலை மாற்றும்போது ஒவ்வொன்றாக விரியும். மண்டபம் முழுக்க மணக்கும். எந்த அலங்காரக்காரராலும் அதைச் செய்ய முடியாது.

மல்லியை மேடைக்கு அடிக்கச் சொல்லாதே. விளக்குச் சூட்டில் பழுத்துவிடும். மாலைக்கு, சடைக்கு, அப்புறம் வாசலில் வருகிற பெண்களுக்குக் கொடுக்க, அதோடு சரி. மேடைக்கு சம்பங்கி, அரளி, கோழிக்கொண்டை, நடுவில் மரிக்கொழுந்து. வாசலுக்குக் குலை தள்ளிய வாழையும் குருத்தோலைத் தோரணமும். கிளி, அன்னம் என்று ஓலையிலேயே மடித்துக் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீ படம் வரைகிற பெண், உன் படத்தைக் காட்டினால் அதே மாதிரி மடிக்கிறார்களா என்று கேட்டுப் பார். எனக்கே ஆசையாக இருக்கிறது.

கோரிப்பாளையம் பாண்டி

அக்கா, சாயங்காலக் கல்யாணம்தான் மதுரைக்கு லாயக்கு. வைகாசி மதியம் பட்டுப் புடவையில் நின்றால் பொண்ணே வாடிவிடும். சித்திரையை மட்டும் நினைக்காதீர்கள், திருவிழா நேரத்தில் லாட்ஜும் கிடைக்காது, ரோடும் கிடைக்காது.

இலைமுன் ராஜா

சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவன். மண்டபம் தையில் கிடைக்கிறதா என்று பார்க்கும் முன் இதைப் படியுங்கள்.

முகூர்த்த நாளில் மண்டபம், மேளம், மாஸ்டர், பரிமாறும் ஆட்கள், இலை, பூ எல்லாமே விலை கூட. புரோகிதர் இல்லாத கல்யாணத்துக்கு முகூர்த்த நாள் எதற்கு? பெரியவர்கள் ஒத்துக்கொண்டால் முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கள். நல்ல மாஸ்டர் அன்றைக்குச் சும்மா இருப்பார். முகூர்த்த நாளில் மூன்று மண்டபத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார், உங்கள் அடுப்பில் அவருடைய மச்சான் நிற்பான்.

மண்டப வாடகையைக் கேட்கும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். மின்சாரம் மீட்டர்படியா, ஜெனரேட்டர் டீசல் யார், சுத்தம் செய்ய எவ்வளவு, வெளிச் சமையல்காரரை விடுவார்களா, அசைவம் சமைக்கலாமா, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். ரசீதில் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனியாக வரும்.

சாப்பாடு. மதுரைச் சாப்பாடு என்றதும் எல்லோரும் ஜிகர்தண்டா கவுன்டர் போடுகிறார்கள். போடுங்கள், ஆனால் நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டு போடுங்கள். பாதாம் பிசினை முந்தின ராத்திரியே ஊறவைக்க வேண்டும். டம்ளரில் பிசின், நன்னாரி, பால், ஐஸ்கிரீம் என்று ஒவ்வொன்றாக ஊற்றுவதற்குள் வரிசை வாசல் வரை போய்விடும். கையில் டம்ளரோடு பேச நின்றுவிடுவார்கள், பந்தி காலியாகக் கிடக்கும். வரவேற்புக்குப் பருத்திப்பால் வையுங்கள். பருத்திக் கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, கருப்பட்டி, சுக்கு, கொஞ்சம் அரிசி மாவு, தேங்காய்ப்பூ போட்டுக் காய்ச்சி அண்டாவில் இறக்கிவிட்டால், ஒரு ஆள் ஒரு கரண்டி, ஐந்து நொடி. சாயங்காலத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எது? ஜிகர்தண்டா சாப்பிட்டு முடித்து வெளியே வருகிற இடத்தில் இருக்கட்டும்.

பன் பரோட்டா கேட்பீர்கள், தெரியும். 800 பேருக்கு அது கல்லில் இருந்து இலைக்கு வருவதற்குள் ரப்பராகிவிடும். நான் செய்ய மாட்டேன். இலையில் இட்லி, மூன்று சட்னி, இடியாப்பம், தேங்காய்ப்பால், காய்கறிச் சால்னாவோடு கொத்து பரோட்டா, கடைசியில் தயிர்சாதம், நார்த்தங்காய். இதைச் சுடச்சுடத் தரலாம். 30 வகை வேண்டாம். 30 வகை வைத்தால் இலையில் மிஞ்சுவது 15 வகை.

பந்திக் கணக்கு: ஒரு பந்திக்கு 200 இலை, எடுத்துத் துடைத்து மறுபடி போடச் சேர்த்து 40 நிமிடம். நாலு பந்தி. ஏழு மணிக்கு முதல் பந்தி உட்கார வேண்டும், அப்போதுதான் பத்துக்குள் முடியும். மேசையில் விரிக்கப் பிளாஸ்டிக் தாள் கேட்காதீர்கள். அதுவும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை. சில பேர் இன்னும் விரிக்கிறார்கள், நான் விரிப்பதில்லை.

கறி விருந்து வேண்டும் என்பவர்களுக்கு மறுநாள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஊர் வழக்கமும்.

தவில்காரர் வீட்டுப் பொண்ணு

நாகஸ்வரம் என்று எழுதியிருந்ததால் வந்தேன். ஒருவரும் சொல்லாத ஒரு விஷயம் சொல்கிறேன்.

வழக்கமான கல்யாணத்தில் கெட்டிமேளம் எப்போது என்பதைப் புரோகிதர் விரலை ஆட்டிச் சொல்வார். எங்கள் அப்பா மேடைப் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாக வாசிப்பார், விரல் அசைந்ததும் அடிதான். புரோகிதர் இல்லாத கல்யாணத்தில் அந்த விரல் யாருடையது? போன வருடம் ஒரு கல்யாணத்தில் இப்படி யாருமே சொல்லவில்லை. தலைமை தாங்கியவர் பேசிக்கொண்டே இருந்தார், பேச்சு நடக்கும்போதே மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டார். மேளம் இல்லை, பூ போட வேண்டியவர்கள் கையில் அட்சதையோடு முழித்தார்கள். பெண்ணின் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆகவே ஒரு ஆளை நியமியுங்கள். அந்த ஆள் பேச்சாளராக இருக்கக் கூடாது.

இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம், சுருதிப்பெட்டி. அதற்குக் குறைத்தால் மண்டபத்தில் நிற்காது. வித்வானை ஒப்பந்தம் செய்யும்போது உங்களுக்குப் பிடித்த ராகத்தைச் சொல்லுங்கள். யாருமே கேட்பதில்லை, கேட்டால் அவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனந்த பைரவி, கல்யாணி என்று வழக்கமாக வாசிப்பவை இருக்கும். மாப்பிள்ளை சைக்கிளில் வரும்போது மல்லாரி வேண்டுமா, இல்லை வேறு ஏதாவதா, பேசி வையுங்கள். மல்லாரி சாமி புறப்பாட்டுக்கு உரியது, அதைக் கல்யாணத்தில் வாசிக்க மாட்டேன் என்பவர்களும் உண்டு. வற்புறுத்தாதீர்கள்.

அவர்களைத் தூணுக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம் உட்கார வைக்காதீர்கள். உங்களுக்கு நேர் எதிரே மேடை போட்டுக் கொடுங்கள். முதல் பந்தியிலேயே சாப்பாடு போட்டுவிடுங்கள்.

நெசவாளி மகன், காஞ்சிபுரம்

புடவையைப் பற்றி யாரும் பேசவில்லையே. பெயர் சுங்குடிப்புள்ளி என்று வைத்திருக்கிறீர்கள், சுங்குடியேதான் கட்டுவீர்களா? நல்ல யோசனைதான், வைகாசிக்குப் பருத்திதான் சுகம். பட்டு என்றால் ஒன்று சொல்கிறேன். உங்களுக்கென்று நிறம் சொல்லி நெய்ய விரும்பினால் ஒரு பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலில், பெரும்பாலும் மூன்று புடவை வரும். ஒன்றுக்காகப் பாவு ஏற்ற யாருக்கும் கட்டுப்படியாகாது. மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு, உங்கள் அம்மாவுக்கு, மாமியாருக்கு. பாவு ஒன்று என்பதால் மூன்றுக்கும் ஒரே உறவு இருக்கும், குறுக்கே ஓடும் ஊடை நூலின் நிறத்தையும் முந்தானையையும் மாற்றினால் மூன்றும் வேறு வேறு. கரை தனியாக, உடல் தனியாகக் கோர்வை போட்டு நெய்ய இரண்டு ஆள் வேண்டும், நாள் கூடுதலாகும். மூன்று நான்கு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள். கடைசி மாதத்தில் வந்து "அவசரம்" என்றால் யாராவது விசைத்தறிப் புடவையைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

சுங்குடிப்புள்ளி

எல்லாவற்றையும் அச்செடுத்து இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினோம். முடிவுகளைச் சொல்கிறேன்.

தை போய் வைகாசி. முகூர்த்தம் இல்லாத ஞாயிறு, மாலை ஆறரை. வருங்கால மாமனார் மட்டும் "வளர்பிறையாகவாவது இருக்கட்டும்" என்றார், அது எங்களுக்கு ஒன்றும் குறையில்லை.

அப்பாவின் 800 பேர் அப்படியே வருகிறார்கள். மொய் உண்டு. வாசலுக்கு உள்ளே இடது பக்கம் மேசை, கம்ப்யூட்டரில் பதிந்து ரசீது கொடுக்கிறவர்கள் வருகிறார்கள். ஒலிபெருக்கியில் தொகை வாசிப்பது மட்டும் கிடையாது என்றோம். அப்பா கொஞ்ச நேரம் மேலே பார்த்தார், அப்புறம் சரி என்றார். பதிலுக்கு உறுதிமொழி, மேளம், சாப்பாடு, அழைப்பிதழ் நான்கிலும் வீட்டில் யாரும் தலையிடுவதில்லை. அழைப்பிதழில் தாய்மாமன்கள் பெயர் வரிசை மட்டும் அம்மாவின் பொறுப்பு, அந்த யுத்தத்தில் நான் இல்லை.

மேடை வரிசை கிடையாது, பந்தியில் நடக்கிறோம். கொங்குப்பொண்ணுக்கு நன்றி. அப்பாதான் முன்னால் நடந்து யார் யார் என்று சொல்லப் போகிறார். இதைக் கேட்டதிலிருந்து அவர் பட்டியலில் பெயர்களுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். "வைகை அணைக்கு ஒன்றாகப் போனோம்", "பால் பண்ணை", "உன் மொட்டைக்கு வந்தவர்" என்று.

மாப்பிள்ளையின் அம்மா தாலி வேண்டும் என்கிறார். எனக்கும் மறுப்பில்லை. மாலை, தாலி, இருவருக்கும் மோதிரம், மூன்றும் உண்டு.

மூன்று புடவைப் பாவுக்குச் சொல்லியாகிவிட்டது. அன்று மாலை வரை சுங்குடி, மேடைக்கு மட்டும் பட்டு. மாப்பிள்ளை சட்டையும் சுங்குடித் துணிதான்.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி. உறுதிமொழியை இருவரும் மாறி மாறிப் படிக்கிறோம், கடைசி வரி சேர்ந்து படிப்பது. அதற்கு அப்புறம்தான் தாலி. கெட்டிமேளத்துக்குச் சொல்கிற ஆளாக என் தோழியை வைத்திருக்கிறோம். ஆனால் படிக்கிறபோது எனக்கு அழுகை வந்து நடுவில் நிறுத்திவிட்டால் அவளும் குழம்பிவிடுவாளே?

வக்கீல்தம்பி

அக்கா, அழுதாலும் "ஏற்கிறேன்" என்கிற வார்த்தையை மட்டும் மைக்கில் விழுகிற மாதிரி சொல்லிவிடுங்கள். வீடியோவில் இருக்கட்டும்.

மேலமாசிவீதி பெரியவர்

ரசீது போடும் பையன்களுக்கும் முதல் பந்தியில் இடம் வைக்கச் சொல், ராத்திரி அவர்கள்தான் கடைசியில் எழுவார்கள். என்னையும் கூப்பிடு, மொய் எழுதுகிறேன்.

தவில்காரர் வீட்டுப் பொண்ணு

உறுதிமொழியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து மூன்று நகல் வையுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று தோழிக்கு, ஒன்று தவில் வாசிப்பவர் முன்னால். கடைசி இரண்டு வரிக்கு அடியில் சிவப்பில் கோடு. இடையில் நீங்கள் எவ்வளவு நேரம் நின்றாலும் அவர் நாகஸ்வரக்காரரிடம் தலையை அசைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டே இருப்பார், அதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோழி கையைத் தூக்க வேண்டியது மாப்பிள்ளை முதல் முடிச்சுக்குக் கயிற்றை எடுக்கும்போது. முடிச்சு விழும்போது தூக்கினால் தாமதம். முந்தின நாள் மண்டபத்தில் ஒரு தடவை வெறும் நூலை வைத்து ஒத்திகை பாருங்கள், வித்வான்கள் வருவதற்குப் பஸ் கட்டணமும் டிபனும் கொடுத்துவிடுங்கள்.